மறைந்த நாள்: இல்லை

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம் என்று எழுதக் கை கூசுகிறது. அத்தான் சுகமாக இருக்கிறார் என்பதைத்தான் ஊரறியச் சொல்ல வேண்டியிருக்கிறது.

"நீயெல்லாம் ஒரு தம்பியா?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டாய். கேட்க வேண்டியதுதான். ஆனாலும் நடந்ததைக் கேள். எங்கள் பத்திரிகையில் வாழ்த்தோ இரங்கலோ, எல்லா விளம்பரத்துக்கும் ஒரே படிவம். பெயர், மனைவி, மறைந்த நாள் என்று கட்டம் கட்டமாக இருக்கும். சிலவற்றை நிரப்பாமலும் விடலாம். அதை வாசித்துப் பக்கத்தில் ஏற்றும் புரோகிராம் நான் எழுதியது. காலிக் கட்டம் வந்தால் என்ன செய்வது என்று நான் யோசிக்கவே இல்லை; அதுபாட்டுக்கு மேலே இருந்த விளம்பரத்திலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டது. நீ அனுப்பியது அத்தான் ஓய்வு பெறும் வாழ்த்து. மேலே இருந்தது ஓர் இரங்கல். அத்தான் சிரிக்கிற படத்துக்குக் கீழே 'மறைந்த நாள்: வியாழன்' என்று வந்துவிட்டது. அவர் ஆபீஸ்காரர்கள் வேன் பிடித்து வந்து நிற்க, அத்தானே கதவைத் திறந்து, "யாருக்கு என்னாச்சுப்பா?" என்று கேட்டாராமே, மேனேஜர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாராமே! சிரிக்கவும் முடியவில்லை அக்கா, அழவும் முடியவில்லை.

சரி, திருத்தம் போடுவோம் என்று, காலியாக இருந்தால் 'இல்லை' என்று எழுதும்படி புரோகிராமை மாற்றினேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. திருத்தத்துக்கான படிவத்தை நானே நிரப்பினேன்; அவசரத்தில் உன் பெயரை நிரப்ப மறந்தவன் நான்தான். 'மறைந்த நாள்: இல்லை. மனைவி: இல்லை' என்று அச்சாகிவிட்டது. அத்தானைப் பிழைக்க வைக்கப் போய் உன்னை அனுப்பிவைத்தேன். ஆசிரியர் கூப்பிட்டு, "இல்லைன்னு சொல்றதும் ஒண்ணும் சொல்லாம இருக்கறதும் ஒண்ணாய்யா?" என்று கேட்டார். இது எனக்கு முன்பே உறைக்கவில்லையே என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. இப்போது கட்டம் காலி என்றால் அந்த வரியே வராது. நாளைக்குச் சரியாக வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து அத்தானிடம் மன்னிப்புக் கேட்கிறேன், கதவை மட்டும் சாத்திவிடாதே.

அத்தான் நூறு வயது இருக்கட்டும். நீ பக்கத்திலேயே இருந்து அவரைத் திட்டிக்கொண்டிரு.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: நாளைய பக்கத்தைச் சரிபார்க்க, நீ முதலில் அனுப்பிய படிவத்தைத் திறந்தேன். வாழ்த்துவோர் வரிசையில் 'மைத்துனர்' கட்டமும் காலி. இது புரோகிராமின் தப்பில்லை. நான் உன் வீட்டுப் படியேறி மூன்று வருஷமாகிறது. நானே என் பெயரை நிரப்பிவிடக் கை பரபரத்தது. காலியாகவே விட்டிருக்கிறேன்.