லில்லி தின்ற எங்கள் தெருப் புண்ணியம்

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் தெருக் கோயிலில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பங்குத்தந்தை இருந்தார். அம்மா இருந்தாள். அந்தோணி சித்தப்பா இருந்தார். சகாயம் அத்தை இருந்தாள் (அவள் இருந்தால் பாதித் தெரு இருந்த மாதிரி). மீதிப் பாதியும் இருந்தது. கையில் மைக்கோடு நான் இருந்தேன். கூடவே, யாரும் கூப்பிடாமல், எங்கள் வீட்டுப் பசு லில்லி இருந்தது.

இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் அப்பா. பொம்மையார்பாளையத்தில் கட்டட வேலைக்குப் போயிருந்தார். இன்னொருவர் குழந்தை இயேசு. அவர் பிறக்க இன்னும் சில நாள் இருந்தது. நல்லவேளை. அன்றைக்கே வந்திருந்தால் படுக்க இடம் இருந்திருக்காது.

எனக்கு அப்போதுதான் பி.எட். ரிசல்ட் வந்திருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்த முதல் ஆள் நான். அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று தெருவில் ஒரு நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கை மற்ற எல்லாரையும்விட எனக்கு அதிகமாக இருந்தது.

திருவருகைக் காலம் என்பது கிறிஸ்மஸுக்கு முந்தின நாலு வாரம். சாமியார் ஊதா உடுப்பு போட்டுக்கொண்டு, மனசைச் சுத்தம் பண்ணிக் காத்திருங்கள் என்பார். காத்திருக்க எங்களை விட்டால் ஆளில்லை. அந்த மாதங்களில் மரக்காணத்து உப்பளங்கள் முழுக்க மழைத்தண்ணீர் நிற்கும். பாத்தி எது, வரப்பு எது என்றே தெரியாது. அளத்து வேலைக்குப் போகிற எங்கள் தெரு மொத்தமும் வீட்டில்தான் கிடக்கும்.

எங்களுடையது சின்னக் கிளைக் கோயில். கிறிஸ்மஸ் ராத்திரிப் பூசை பெரிய கோயிலில்தான் நடக்கும். எங்களுக்கு மறுநாள் உச்சி வெயிலில் ஒரு பூசை, கேக் எல்லாம் தீர்ந்த பிறகு. ராத்திரிப் பூசை வேண்டுமென்றால் லோடு ஆட்டோவில் நின்றுகொண்டு போக வேண்டும். அம்மாவுக்கு உப்புத் தண்ணீரில் நின்று நின்று பாதமெல்லாம் வெடிப்பு, முட்டியும் மடங்காது. ஆட்டோவில் ஏற முடியாமல் மூன்று வருஷமாக அந்த ராத்திரி அவள் வீட்டிலேயே இருந்தாள். எங்களை அனுப்பிவிட்டு, டிவியில் ஏதோ ஊர்ப் பூசையைப் பார்த்தபடி தூங்கிப்போவாள்.

அந்த வருஷம் பங்குத்தந்தை ஒரு வார்த்தை சொன்னார். திருவருகைக் காலத்தில் எல்லாரும் ஒழுங்காக ஆன்ம சோதனை செய்து, கிறிஸ்மஸுக்கு முந்தின சனிக்கிழமை பாவசங்கீர்த்தனமும் (செய்த பாவத்தைச் சாமியார் காதில் சொல்லி மன்னிப்புக் கேட்பது) செய்தால், ராத்திரிப் பூசையை இங்கேயே வைக்கிறேன் என்றார். போன வருஷம் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தது நாலு கிழவிகளும், மழைக்கு ஒதுங்கிய ஒரு ஐஸ் வண்டிக்காரரும்தான் (அவர் கிறிஸ்தவரே இல்லை) என்பதையும் ஞாபகப்படுத்தினார்.

அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான். “ஃபாதர், நான் பாத்துக்கறேன்” என்று எழுந்து நின்றுவிட்டேன்.

முதலில் படித்தவன் வழியில் முயன்றேன். மைக்கைப் பிடித்து, ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு, நடுவில் அமைதியாக நேரம் விட்டேன். பிறர் பொருளுக்கு ஆசைப்பட்டேனா? எல்லாரும் சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். புறம் பேசினேனா? எல்லாரும் சகாயம் அத்தையைப் பார்த்தார்கள். அத்தை தனக்குப் பின்னால் இருந்தவளைப் பார்த்தாள். எங்கள் தெருவில் ஆன்ம சோதனை என்றால் பக்கத்து வீட்டு ஆன்மாவைச் சோதிப்பது என்று அன்றைக்குப் புரிந்தது.

அப்போதுதான் ஹாஸ்டலில் சிஸ்டர்கள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த வழக்கம் ஞாபகம் வந்தது. குழந்தை இயேசு படுக்கப்போகும் தொட்டியைக் காலியாக வைப்பார்கள். சாயங்காலம் கண்ணை மூடி அன்றைய நாளை யோசித்துப் பார்த்து, ஒரு நல்ல காரியம் செய்திருந்தால் ஒரு வைக்கோலை எடுத்து அதில் போட வேண்டும். கிறிஸ்மஸ் வருவதற்குள் படுக்கை மெத்தென்று ஆகிவிடும். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அன்றைக்கே பழைய மீன் பெட்டியைக் கழுவி, காய வைத்து, ஊதாத் தாள் ஒட்டி, பீடத்துக்குப் பக்கத்தில் வைத்து, முன்னால் ஒரு திரையும் கட்டினேன். யார் எத்தனை போடுகிறார்கள் என்று யாரும் பார்க்கக் கூடாது, கோயில் கதவு எப்போதும் திறந்தே இருக்கும் என்று மைக்கில் அறிவித்தேன்.

வைக்கோல்?

மழைக்காலத்தில் எங்கள் பக்கம் வைக்கோலுக்குப் பஞ்சம். அம்மா பிரம்மதேசம் கிராமத்திலிருந்து கட்டு வாங்கி, லில்லிக்காகத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தாள். தினமும் அவள் பால் ஊற்றப் போகும் நேரத்தில் அதிலிருந்து ஓர் அணைப்பு உருவிக்கொண்டு கோயிலுக்கு ஓடி, எல்லாரும் எடுத்துப் போடத் திரைக்குப் பக்கத்தில் வைப்பேன். பரலோகத்துக்காக எடுப்பது திருட்டில் சேராது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். யாராவது கேட்டால், பெயர் வெளியிட விரும்பாத ஒரு நன்கொடையாளர் கொடுத்தது என்றேன். நன்கொடையாளர் அப்போது எங்கள் கொட்டகையில் பசியோடு கத்திக்கொண்டிருந்தார்.

முதல் வாரம் ஆளுக்கு ஒன்று, இரண்டு என்று கூச்சத்தோடு விழுந்தது. இரண்டாவது வாரத்தில் தெரு சூடுபிடித்துவிட்டது. எனக்கா, தலைகால் புரியவில்லை. தினமும் தொட்டியைப் போட்டோ எடுத்து ஃபாதருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் தினமும் ஒரு கட்டைவிரல் அனுப்பினார்.

சகாயம் அத்தை கைப்பிடி கைப்பிடியாகப் போடுவதை ஒரு நாள் பார்த்துவிட்டு, ஒரே நாளில் இவ்வளவு நல்லது எப்படி அத்தை என்று கேட்டேன். “எதிர் வூட்டுக்காரிய பேசறதுக்கு எவ்ளோ இருந்துது. பேசல. பேசாம இருந்த ஒவ்வொரு வாட்டிக்கும் ஒண்ணு” என்றாள்.

சித்தப்பா கணக்கு இன்னும் நுட்பமானது. குடிக்காததற்கு ஒன்று. குடிக்கக் கூப்பிட்டவனோடு போகாததற்கு ஒன்று. கூப்பிட்டவனைத் திட்டாததற்கு ஒன்று. அதோடு, தன்னுடையதும் மற்றவர்களுடையதும் கலந்துவிடக் கூடாது என்று வலை பின்னும் நீல நைலான் நூலால் தன் வைக்கோலைத் தனிக்கட்டாகக் கட்டிப் போட்டார். ஆண்டவருக்கு அடையாளம் தெரியாதா சித்தப்பா என்றேன். “அவருக்குத் தெரியும்டா. ஊருக்குத் தெரிய வேணாமா?” என்றார்.

மூன்றாவது வாரம் தொட்டி கோபுரமாகிவிட்டது. சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்கு வாங்க என்று வீடு வீடாகக் கூப்பிடப் போனேன். ஒருத்தரும் வருவதாக இல்லை. “எனக்கு இன்னாத்துக்குப்பா? போய் என் வைக்கோல பாரு” என்றார்கள். அத்தை, “பாவம் செஞ்சவங்கள கூப்புடு, போ” என்று கதவைச் சாத்தினாள். மூன்று வாரத்தில் ஒரு தெருவையே புனிதர்களாக்கிவிட்டேன். புனிதர்களுக்குப் பாவசங்கீர்த்தனம் வேண்டாம். பாவசங்கீர்த்தனம் இல்லாவிட்டால் பூசை இல்லை.

வீட்டுக்கு வந்தால் அம்மா ராத்திரிப் பூசைக்கென்று ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருப்பதாகச் சொன்னாள். அதே மூச்சில், வைக்கோல் இறங்கிக்கொண்டே போகிறது, எலியா, அத்தையின் ஆடா என்று தெரியவில்லை என்றாள். நான், எலியாகத்தான் இருக்கும் என்றேன்.

சனிக்கிழமை வந்தது. கடைசி நம்பிக்கையாக, திரையைத் திறந்து இந்தக் கோபுரத்தைக் காட்டினால் ஃபாதர் மனம் இளகிவிடுவார் என்று கணக்குப் போட்டு, எல்லாரையும் கோயிலுக்குள் கூட்டி வைத்தேன். நம்ம வைக்கோலைச் சாமியார் பார்க்கப்போகிறார் என்றதும் முழுத் தெருவும் பவுடர் பூசிக்கொண்டு வந்தது. கிளம்பும் அவசரத்தில் அம்மா, லில்லியைக் கட்டிவிட்டு வாடா என்றாள். கட்டினேன். எப்படிக் கட்டினேன் என்பது எனக்கும் லில்லிக்கும் மட்டும் தெரியும்.

ஃபாதர் பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். நான் மைக்கில், மூன்று வாரமாக இந்த மக்கள் எப்படித் தங்களை ஆராய்ந்து பார்த்தார்கள் என்று ஒரு பேச்சு பேசினேன். பிறகு திரையை விலக்கினேன்.

திரைக்குப் பின்னால் இருந்த பக்கவாட்டுக் கதவு வழியாக நன்கொடையாளர் வந்து, தன் நன்கொடையைத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தார். தொட்டியில் ஊதாத் தாள்கூட மிச்சமில்லை. லில்லி நிதானமாகத் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. வாயோரம் நீல நைலான் நூல் ஒன்று தொங்கியது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் உள்ளே போனது.

“அய்யோ, என்னுது” என்றார் சித்தப்பா.

அப்புறம் மைக் தேவைப்படவில்லை. தன்னுடையதுதான் மேலே இருந்தது, அதனால் நஷ்டம் தனக்குத்தான் என்றார் சித்தப்பா. உன்னுதைத் தின்றதுக்கு மாடு கழியப்போகிறது என்றாள் அத்தை. ராவெல்லாம் குடிச்சிட்டு, பகல்ல குடிக்காததுக்கு வைக்கோல் போட்டவன் நீ என்று எதிர் வீட்டுக்காரி சித்தப்பாவைச் சொல்ல, அவள் தூங்கும்போது யாருக்கும் கெடுதல் செய்யவில்லை என்று நாலு போட்டவள் என்று அவளைக் காட்டி அத்தை ஆரம்பித்து, மூன்று வாரமாகப் பேசாமல் சேர்த்து வைத்ததை எல்லாம் அந்த ஐந்து நிமிஷத்தில் பேசித் தீர்த்தாள். யார் யார் ராத்திரியில் வந்து அள்ளிப் போட்டார்கள், யார் அடுத்தவர் கட்டிலிருந்து உருவித் தன் பேரில் போட்டார்கள், எல்லாம் வெளியே வந்தது. திரை கட்டியும் எல்லாரும் எல்லாரையும் பார்த்திருக்கிறார்கள்.

கடைசியில் சித்தப்பா என் பக்கம் திரும்பினார். போனது போகட்டும், அந்த நன்கொடையாளர் யாருன்னு சொல்லு, இன்னொரு கட்டு கேட்டு வாங்கி மறுபடியும் போட்டுக்குறோம் என்றார். என் கண் தெரியாத்தனமாக லில்லி பக்கம் போனது. அம்மாவின் கண் என் கண்ணைத் தொடர்ந்தது. தொட்டி, லில்லி, நான் என்று ஒரு சுற்று சுற்றி வந்தது.

“டேய்,” என்றாள் அம்மா. “எலி நீதானா?”

ஃபாதர் படியில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. ஒரு சாமியாரை அழ வைத்துவிட்டேனே என்று எனக்கு உயிரே போய்விட்டது. துண்டை எடுத்ததும்தான் தெரிந்தது, மனிதர் சிரித்துச் சிரித்து மூச்சுவிட முடியாமல் இருந்தார்.

“பாவசங்கீர்த்தனம் கேக்க உக்காரட்டுமா, வண்டிய எடுக்கட்டுமா?” என்றார்.

“மொதல்ல நீ போ” என்று அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். போனேன். வெளியே வந்து பார்த்தால் எனக்குப் பின்னால் சித்தப்பா நின்றார், அத்தையைச் சொன்ன ஒரு வார்த்தைக்காக. சித்தப்பாவுக்குப் பின்னால் அத்தை, சொன்ன எல்லா வார்த்தைகளுக்காகவும். அவளுக்குப் பின்னால் எதிர் வீட்டுக்காரி. வரிசை படியிறங்கி, அடிபம்பைத் தாண்டி, ஃபாதரின் பைக்கைச் சுற்றிக்கொண்டு போனது. ஆன்ம சோதனைக்கு ஒருத்தருக்கும் நேரம் தேவைப்படவில்லை. பாவம் சுடச்சுட இருந்தது.

கடைசி ஆள் எழுந்து போகும்போது இருட்டிவிட்டது. ஃபாதர் தலைவலியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா காபி கொடுத்தாள். பால் நல்லா திக்காயிருக்குதே என்றார்.

“இருக்காதா சாமி? மூணு வாரமா இந்தத் தெரு சேத்து வெச்ச புண்ணியமாச்சே” என்றாள் அம்மா.

ஃபாதருக்குக் காபி புரையேறியது. இருமி முடித்துவிட்டு, கிறிஸ்மஸ் ராத்திரிப் பூசை இங்கேதான் என்றார். அம்மா டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். வெகுநேரம் அந்த ஒரு டம்ளரையே கழுவிக்கொண்டிருந்தாள்.

அந்த ராத்திரி அவள் புது ஜாக்கெட்டோடு முதல் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். தொட்டியில் புது வைக்கோல். யாரும் எண்ணிப் போட்டதல்ல, நான் ஒரே தள்ளாகத் தள்ளியது. சித்தப்பா மட்டும் ஓரமாக நின்று, நீல நூல் இல்லாமல் தன்னுடையது எது என்று தேடுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

லில்லிக்கு அன்றோடு பேர் மாறிவிட்டது. இப்போது அது புண்ணியம். “புண்ணியத்துக்குத் தண்ணி காட்டுனியா?”, “புண்ணியம் சாணி போட்டிருக்குது, வாரு” என்றுதான் வீட்டில் பேச்சு. எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், பையன் எப்படி என்று கேட்டதற்கு, படிச்சவன், மாட்டுத் தீவனம் தவிர வேற எதையும் தொடமாட்டான் என்று அப்பா பதில் சொன்னார். அன்றைக்கு அங்கே இல்லாத அப்பாதான் இந்தக் கதையை எல்லாரையும்விட நன்றாகச் சொல்கிறார். திருவருகைக் காலத்து முதல் ஞாயிறன்று ஊதா உடுப்பைப் பார்த்ததும் அம்மா வீட்டுக்கு வந்து மாட்டுக்கு இரண்டு கயிறு போடுகிறாள். மாட்டுக்கா எனக்கா என்று அப்பா கேட்பார்.

செலவு: பிரம்மதேசத்து வைக்கோல் இரண்டு கட்டு, அதைக் கொண்டுவந்த ஆட்டோ வாடகை, நைலான் நூல் வெளியே வரும்வரை இரண்டு நாள் வந்து பார்த்த மாட்டு டாக்டருக்குக் கொடுத்தது, எல்லாம் சேர்த்து ஆயிரத்து எழுநூறு ரூபாய். அதில் நூறு ரூபாய் சித்தப்பா கொடுத்தார், நூல் தன்னுடையது என்பதால்.