முள்ளம்பன்றி நிருபரும் கிழக்கு வளையமும்

ஒரு காட்டில் ஒரு கூடைப்பந்து அணி இருந்தது. அந்தக் காட்டில் சிங்கம் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. அதற்குக் கிரிக்கெட்தான் பிடிக்கும், அதனால் இந்தக் கதையில் அதற்கு வேலை இல்லை.

அணியின் கேப்டன் சங்கிலி என்கிற கரடி. நல்ல உயரம், நல்ல மனசு, தூரத்துப் பார்வைதான் கொஞ்சம் மட்டம். மூன்று வருஷமாகச் சங்கிலி எறிந்த பந்து ஒன்றுகூட வளையத்துக்குள் விழவில்லை. சங்கிலி மட்டுமா, அணியில் யார் எறிந்தாலும் விழவில்லை. ஆனால் ஊர் உலகத்துக்கு இது தெரியாது.

எப்படித் தெரியும்? பந்து கையை விட்டுக் கிளம்பியதும் ரசிகர் கூட்டம் மொத்தமும் கண்ணை இறுக மூடிக்கொண்டு கும்பிடும். கும்பிடாதவர் ரசிகரே இல்லை என்று மன்றத் தலைவர் வேலப்பன் சட்டம் போட்டிருந்தது. வேலப்பன் ஒரு காட்டெருமை, யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. கண்ணைத் திறக்கும்போது பந்து எதிரணியின் கையில் இருக்கும். சரி, விழுந்துவிட்டது போல என்று எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். ஸ்கோர் பலகையைக் கறையான் தின்று மூன்று வருஷம் ஆகிறது. நடுவர் ஆந்தை. பகலில் ஆட்டம், ஆந்தை தூங்கும்.

பேப்பர் நிருபர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். அவர் பிச்சாண்டி என்கிற ஓணான். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டும் ஜாதி. ஆட்டம் முடிந்ததும் வேலப்பன் சொல்வதைக் கேட்டு, தலையை ஆட்டிவிட்டு, 'மயிரிழையில் நழுவியது வெற்றி' என்று எழுதும். மூன்று வருஷமும் அதே தலைப்பு. காடே அதைப் படித்துவிட்டு நம்ம பசங்களுக்கு நேரம்தான் சரியில்லை என்று மனசைத் தேற்றிக்கொள்ளும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாதி ஆட்டத்தில் இரண்டு அணியும் வளையம் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது எல்லாக் காட்டிலும் உள்ள விதி. இங்கே அது கிடையாது. ஒருநாள் மன்றக் கூட்டத்தில் வேலப்பன், "நமக்குக் கிழக்கு வளையம்தான் ராசி" என்று சொன்ன அதே நொடியில் சுவரில் இருந்த பல்லி கத்தியது. பல்லியே சொல்லிவிட்டது, அப்புறம் என்ன பேச்சு? அன்றிலிருந்து நம் அணி முழு ஆட்டமும் கிழக்கு வளையத்தில்தான் எறியும். எதிரணிகள் வந்து பார்த்துவிட்டு ரொம்ப சந்தோஷமாக ஒத்துக்கொண்டன. அந்தச் சந்தோஷத்தைப் பார்த்தாவது நாலு பேர் யோசித்திருக்க வேண்டாமா?

யோசிக்கவில்லை. பிச்சாண்டி ஓய்வு பெற்றது. அந்த இடத்துக்கு வந்தது செங்கமலம் என்கிற முள்ளம்பன்றி.

செங்கமலம் அதுவரை அதே பேப்பரில் மரண அறிவிப்பு எழுதிக்கொண்டிருந்தது. பத்து வருஷம். செத்தவர்களைப் பற்றியே எழுதி எழுதி, உயிரோடு ஓடுகிற யாரையாவது பற்றி ஒரு வரி எழுதிவிட்டால் போதும் என்று ஏங்கிப்போயிருந்தது. ஆசிரியர் நாரை ஒற்றைக் காலில் நின்றபடி, மூன்று ஆட்டம் எழுது, ரசிகர்கள் ஏற்றுக்கொண்டால் வேலை உனக்கு, இல்லையென்றால் பழையபடி மரணத்துக்கே போய்விடு என்று சொன்னது.

முதல் ஆட்டம். பக்கத்துக் காட்டு மான்களோடு. செங்கமலம் முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி மையில் தோய்த்துக்கொண்டு உட்கார்ந்தது. பந்து கிளம்பியது, எல்லாரும் கண்ணை மூடினார்கள். செங்கமலம் மூடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மரண அறிவிப்பு எழுதமுடியுமா? ஒருமுறை அப்படி எழுதி, உயிரோடிருந்த உடும்பு ஒன்று தன் அறிவிப்பைத் தானே எடுத்துக்கொண்டு சண்டைக்கு வந்த கதை அதற்கு மறக்கவில்லை.

மறுநாள் பேப்பரில் இரண்டே வரி வந்தது. 'நம் அணி அறுபத்திரண்டுக்குப் பூஜ்ஜியம் என்ற கணக்கில் தோற்றது. கிழக்கு வளையத்துக்குள் தூக்கணாங்குருவிக் கூடு இருக்கிறது.'

அவ்வளவுதான், காடு பற்றிக்கொண்டது.

மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் காலை ஆறு மணிக்குள் எழுநூறு செய்தி. பிச்சாண்டி எழுதினவரைக்கும் மயிரிழையில்தான் தோற்றோம், இது வந்த முதல் நாளே அறுபத்திரண்டில் தோற்கிறோம், இதன் ராசியைப் பாருங்கள் என்று குரங்கு ஒன்று போட்டது. எல்லாரும் அதற்குக் கட்டைவிரல் வைத்தார்கள், கட்டைவிரல் இல்லாத பாம்பு உட்பட. முயல் ஒன்று பழைய ஸ்கிரீன்ஷாட் ஒன்றைத் தோண்டி எடுத்தது. நாலு வருஷத்துக்கு முன் மான்களின் கேப்டன் இறந்தபோது செங்கமலம், 'அன்னார் நல்லவர்' என்று எழுதியிருந்தது. போதாதா? எதிரணி ஆள் என்று முடிவாகிவிட்டது. அது 'நம் அணி' என்று எழுதியதைக்கூட விடவில்லை. நம் என்று சொல்ல இது யார் என்று கேட்டார்கள்.

பிறகு வேலப்பன் ஒரு படிவம் தயாரித்தது. நிருபர் விசுவாச விண்ணப்பம், மூன்று பிரதி. பூர்விகக் காடு எது, அணி தோற்றபோது எத்தனை வேளை சாப்பிடாமல் இருந்தீர், சாப்பிட்டிருந்தால் காரணம் என்ன. செங்கமலம் மூன்று பிரதியிலும் உண்மையையே எழுதியது, அதுவும் அதன் குற்றமாகப் போயிற்று.

பேப்பரில் ஒரு விதி உண்டு. ஐந்நூறு கால்தடம் பதித்து மனு கொடுத்தால் நிருபரை மாற்றலாம். தலைக்கு நாலு கால் என்று கணக்குப் போட்டு நூற்றிருபத்தைந்து பேரைத் தேட வேண்டும் என்று மன்றம் மலைத்துக்கொண்டிருந்தபோது, மரவட்டைக் குடும்பம் ஒன்று வந்தது. அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள். மை காய்வதற்குள் மனு நிரம்பிவிட்டது. அவர்கள் கூடைப்பந்தே பார்த்ததில்லை.

செங்கமலம் வேலப்பனிடம் போய், எனக்கு வேலை போனால் போகட்டும், ஒரே ஒரு தடவை எல்லாரும் வளையத்துக்குக் கீழே வந்து கண்ணைத் திறந்து பாருங்கள் என்று கெஞ்சியது. கெஞ்சினால் வேலப்பனுக்குப் பிடிக்கும். வந்தார்கள்.

பார்த்தால், கூடு இருந்தது. வளையத்தின் வலையோடு வலையாகச் சேர்த்துப் பின்னி, மேலே கூரை கெட்டியாகப் போட்டு, வாசலைக் கீழே வைத்து, சின்னத்தங்கம் என்கிற தூக்கணாங்குருவி குடும்பத்தோடு குடியிருந்தது. மேலிருந்து ஒரு வேர்க்கடலைகூட உள்ளே போகாது.

சங்கிலி வளையம் கட்டியிருந்த மரத்தில் ஏறி, கையை நீட்டித் தடவிப் பார்த்தது. ரொம்ப நேரம் தடவியது. பிறகு கீழே பார்த்துக் கேட்டது: "அப்போ என் கையில கோளாறு இல்லையாக்கா?"

"இல்ல தம்பி. உன் கை நல்லாத்தான் இருக்கு" என்றது செங்கமலம்.

கரடிக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று வருஷமாக அது தினமும் கைக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தது, பாவம். கூட்டைப் பிரித்துப் பக்கத்து மரத்தில் கட்டிவிட்டால் விஷயம் முடிந்தது என்று செங்கமலம் நினைத்தது. உங்களுக்கும் அப்படித்தானே தோன்றுகிறது?

வேலப்பன் தொண்டையைக் கனைத்தது. "கூடுதான் காரணம்னு ஒத்துக்கிட்டா, மூணு வருஷமா நாம கண்ண மூடிக் கும்பிட்டது எதுக்கு? கிழக்குன்னு சொன்ன பல்லி பொய் சொல்லுச்சா?"

யாரும் பல்லியைப் பகைத்துக்கொள்ளத் தயாராக இல்லை. முயல் முதலில் கண்ணை மூடிக்கொண்டது. அப்புறம் குரங்கு, அப்புறம் எல்லாரும்.

"கூடு இருக்கட்டும். நிருபரை மாத்துங்க" என்றது வேலப்பன்.

அந்த நேரம் பார்த்துச் சின்னத்தங்கம் கீழ்வாசல் வழியாகத் தலையை நீட்டி, என்ன சத்தம், பிள்ளைகள் தூங்குகிறார்கள் என்று கேட்டது. கூட்டத்தோடு வந்திருந்த ஆசிரியர் நாரை அதை ஏற இறங்கப் பார்த்தது. இத்தனை வருஷமாக எல்லா ஆட்டத்தையும் இவ்வளவு பக்கத்திலிருந்து பார்த்தவர் இந்தக் காட்டில் வேறு யார்? வேலை அங்கேயே முடிவாகிவிட்டது. செங்கமலத்துக்கு மூன்று ஆட்டம்கூட முழுதாகக் கிடைக்கவில்லை.

அடுத்த ஆட்டத்தில் அணி எழுபதுக்குப் பூஜ்ஜியத்தில் தோற்றது. மறுநாள் சின்னத்தங்கம் முதல் பக்கத்தில் எழுதியது: 'என்ன ஒரு குறி! கேப்டன் சங்கிலியின் பந்து பதினோரு முறை என் வீட்டுக் கூரையில் வந்து விழுந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை.' ரசிகர்கள் பட்டாசு வெடித்தார்கள். இப்படி ஒரு நிருபர் நமக்கு வாய்த்ததே இல்லை என்று குழுவில் ஆயிரம் செய்தி. மரவட்டைக் குடும்பம் மன்றத்தில் ஆயுள் உறுப்பினர் ஆனது.

செங்கமலம் பழைய மேஜையில் உட்கார்ந்து யாரோ ஒரு நத்தையின் மரண அறிவிப்பை எழுதிக்கொண்டிருந்தபோது சங்கிலி வந்தது. கையில் அந்தப் பேப்பர். தலையைக் குனிந்துகொண்டே சொன்னது.

"நீங்க எழுதினதுதான் நிஜம்னு எனக்குத் தெரியும்க்கா. ஆனா இதுலதான் என் பேரு பெரிசா வந்திருக்கு. ஒட்டிவைக்கக் கொஞ்சம் பசை இருக்குமா?"

செங்கமலம் பசை டப்பாவை எடுத்துக் கொடுத்தது.

நீதி: நிருபராக விரும்புகிறவர்கள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கஷ்டப்பட வேண்டாம், முதலில் வளையத்துக்குள் ஒரு வீடு கட்டிக்கொண்டால் போதும்.