கேப்டன் இறந்தார் என்று கையெழுத்துப் போட்டவன்

அன்று வீராம்பட்டினம் அம்மன் கோயிலில் இருந்தவர்கள்: நான், பிரகாஷ், அந்துவான், ஒரு பூசாரி, அவர் தட்டில் எரிந்துகொண்டிருந்த கற்பூரம். இல்லாதவர் கேப்டன். எங்கள் தகராறே அவரால்தான். ஆனால் அவர் ஒரு வெளிநாட்டுத் தொடரில் நடைப்பிணங்களோடு போராடிக்கொண்டிருந்ததால் வரவில்லை. என் அம்மாவும் அப்போது அங்கே இல்லை. (பிறகு வந்தாள். அதுதான் பிரச்சினை.)

செத்தவர்கள் எழுந்து நடக்க, மிச்சமிருப்பவர்கள் ஓடி ஒளிகிற தொடர் அது. தமிழ் டப்பிங்கில் ஒன்பது சீசன். ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு மூலக்குளத்தில் அந்துவான் வீட்டில் கூடுவோம். அவன் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்; அந்த வீட்டில் பெரிய டீவியும், எதையும் ‘ஐந்தாவது சீசனோடு நிறுத்தியிருக்க வேண்டும்’ என்று சொல்லும் பழக்கமும் உண்டு. ஒரு எபிசோடு பார்த்துவிட்டு, தொடர் எங்கே போகிறது என்று மூன்று எபிசோடு நேரத்துக்குச் சண்டை போடுவோம். கேப்டனின் ஆட்கள் கோட்டைச் சுவரை விட்டு வெளியே வந்ததும் கதை கெட்டுவிட்டது என்பது என் கட்சி. கேப்டன் இருக்கும்வரை கதை கெடாது என்பது பிரகாஷ் கட்சி.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மா பெரிய மார்க்கெட்டில் மீன் விற்றுப் படிக்க வைத்தாள். அதனாலோ என்னவோ, எதையும் நோட்டில் எழுதி, கீழே கையெழுத்து வாங்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சங்கத்துக்கும் நோட்டுப் போட்டிருந்தேன். சங்கம் என்று சொன்னவனும் நான் ஒருவன்தான்.

ஒன்பதாவது சீசன், நாலே எபிசோடு, மொத்தமாக ஒரே நாளில் வந்து இறங்கியது. யாரும் தனியாக முன்கூட்டிப் பார்க்கக் கூடாது என்று டீவிக்கு முன்னால் கற்பூரம் ஏற்றி மூன்று பேரும் சத்தியம் செய்தோம். யோசனை என்னுடையது.

முதல் எபிசோடிலேயே கேப்டன் போன படகு கவிழ்ந்தது. கடலில் அவர் தொப்பி மட்டும் மிதந்தது. நான் கண் கலங்கி நோட்டை எடுத்து, ‘கேப்டன் இறந்தார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்துவானும் போட்டான். பிரகாஷ், “யோசிச்சு அடுத்த வாரம் போடறேன்” என்றான்.

அடுத்த வாரம் வந்து, “கையெழுத்துப் போட மாட்டேன். காத்து கரையப் பாத்து அடிக்குது. ஆள் செத்திருந்தா பொணம் ஒதுங்கியிருக்கணும். ஒதுங்கலன்னா வந்துடுவான்” என்றான். அன்றைய எபிசோடு முடிவில் கேப்டன் ஒரு பாறையைப் பிடித்து ஏறினார்.

சரி, ஒரு குருட்டு யோகம் என்று விட்டேன். மூன்றாவது வாரம், முகாமில் எல்லோருக்கும் தானியம் அளந்து கொடுக்கும் சாந்தமான பெண்ணைக் காட்டி, “இந்தம்மா திருடி. அளக்கும்போது கையப் பாக்காம ஆளப் பாக்குது பாரு” என்றான். அந்த எபிசோடு முடிவதற்குள் அந்தம்மாள் மூட்டையோடு பிடிபட்டாள்.

எனக்குள் சந்தேகம் முளைத்தது. படிக்காதவனுக்குச் சந்தேகம் வந்தால் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்வான். நான் படித்தவன், பின் பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். ‘பிரகாஷ் கண் சிவப்பு. (தூங்காமல் பார்க்கிறானா?)’ ‘போனைக் கவிழ்த்து வைக்கிறான்.’ ‘திங்கள் காலை எட்டு முதல் எட்டே முக்கால் வரை ஆள் இல்லை. கேட்டால் உங்கம்மாகிட்ட மீன் வாங்கினேன் என்கிறான். மீன் வாங்க முக்கால் மணி நேரமா?’ இந்தக் கடைசி வரியின் கீழ் இரண்டு கோடு வேறு போட்டேன். எவ்வளவு பெரிய புத்திசாலி பாருங்கள்.

“எப்படிடா உனக்கு மட்டும் தெரியுது?” என்று நேராகவே கேட்டேன்.

“எனக்கா தோணுது மச்சான்” என்றான், டம்ளரைப் பார்த்துக்கொண்டு.

“அளக்கறவ கையப் பாக்காம ஆளப் பாப்பாங்கறது டூ வீலர் ஷோரூம்ல வேல செய்றவனுக்கு எப்படிடா தோணும்?”

அவன் டீயைக் குடித்து முடித்தான். டம்ளரைக் கழுவப் போனான்.

கடைசி எபிசோடுக்கு இரண்டு நாள் இருந்தது. ‘சத்தியத்தை மீறியவனோடு உட்கார்ந்து முடிவைப் பார்ப்பதில்லை’ என்று தீர்மானம் எழுதினேன். வீராம்பட்டினத்தில் அம்மன் முன்னால் கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தால் சேர்த்துக்கொள்வோம். இல்லாவிட்டால் சங்கத்தை விட்டு வெளியே. கூடவே பத்து வருடச் சிநேகிதமும் வெளியே. அந்த வரியை இரண்டு தடவை அடித்தேன். ஆனாலும் எழுதினேன், கையெழுத்து அழகாகவே வந்தது. அம்மனிடம் பொய்ச் சத்தியம் செய்தால் கை விளங்காது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பிரகாஷும்தான்.

வெள்ளிக்கிழமை மதியம். பூசாரி கற்பூரத்தை ஏற்றிவிட்டு, “இன்னா தம்பி, நெலத் தகராறா, நகையா?” என்றார்.

“இல்லைங்க. ஒரு தொடர்.”

“தொடரா?”

“செத்தவங்க எழுந்து நடப்பாங்க. அதை இவன் முன்னாடியே பாத்துட்டான்.”

பூசாரி பிரகாஷைப் பயத்தோடு பார்த்தார். “எங்கப்பா பாத்த?”

“டீவில சாமி, டீவில” என்றான் அந்துவான், வேறு யாரோ போல நகர்ந்து நின்றபடி.

“அணைடா. பாக்கலன்னு சொல்லி அணை” என்றேன்.

பிரகாஷ் கையை நீட்டினான், இழுத்துக்கொண்டான். மறுபடி நீட்டினான். “நான் பாக்கல மச்சான். ஆனா எனக்கா தோணுச்சுன்னு சொன்னேன் பாரு, அது பொய். அதையும் சேத்து அம்மன் கேட்டா?”

“அப்போ யார்றா சொன்னது?”

“இங்க இன்னாடா கூட்டம்?”

பின்னாலிருந்து வந்தது என் அம்மாவின் குரல். மார்க்கெட் முடிந்து, கூடையைத் தங்கச்சி வீட்டில் இறக்கி வைத்துவிட்டுப் பூவோடு வந்திருக்கிறாள். வீராம்பட்டினம் அவளுக்குப் பிறந்த ஊர். பிரகாஷைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “ஏம்ப்பா, கேப்டன் கரையேறிட்டான்னு சொன்ன. அப்பால இன்னா ஆச்சு? அந்த அளக்கறவள வெரட்டிட்டாங்களா?”

கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. அந்துவான்தான் முதலில் சிரித்தான்.

நடந்தது இவ்வளவுதான். திங்கள்தோறும் பிரகாஷ் மீன் வாங்கப் போவான். அம்மா செதில் எடுத்து முடிக்கும்வரை ஞாயிற்றுக்கிழமைக் கதையைச் சொல்வான். கத்தியை நிறுத்தாமல், அடுத்து இது நடக்கும் என்று அம்மா சொல்வாள். கவிழ்ந்த படகு எத்தனை பார்த்தவள். அளக்கும் கை எத்தனை பார்த்தவள். அவன் அதைக் கொண்டுவந்து தன் மூளை என்று எங்களிடம் விற்றிருக்கிறான்.

“நீ ஏம்மா என்கிட்ட சொல்லல?” என்று கேட்டேன். (கேட்டிருக்கக் கூடாது.)

“நீ என்னிக்கிடா எனக்குக் கத சொன்ன? நோட்டப் பாத்துக்கினே துன்ற, கை கழுவற, போற. அந்தப் புள்ளதான் ஒக்காந்து சொல்லுது.”

பூசாரி என்னைப் பார்த்த பார்வைக்கு, கற்பூரத்தை நானே வாயில் போட்டு அணைத்திருக்கலாம்.

விவரம் முழுவதும் கேட்டதும் அம்மா இடுப்பில் கை வைத்தாள். “ஒரு நாடகத்துக்காக கூட்டாளிய அம்மன் முன்னால நிறுத்துனியா? ஒம்போது வருசமா அந்தப் பொணங்களப் பாக்கறியே, ஒண்ண ஒண்ணு கடிச்சு பாத்திருக்கியா? மனுசன்தான்டா கடிக்கறான்.”

ஒன்பது சீசன் பார்த்து, இரண்டு நோட்டு நிரப்பியவன் நான். இது எனக்குத் தோன்றவே இல்லை.

தீர்ப்பும் அவளே சொன்னாள். வீண் சந்தேகத்துக்குச் சாமியைச் சாட்சி கூப்பிட்டவன் அடுத்த வெள்ளிக்கிழமை பொங்கல் வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் போட வேண்டும். பிரகாஷ் அடுத்தவர் மூளையை விற்றதற்கு விறகு சுமக்க வேண்டும். அந்துவான் சிரித்ததற்குப் பாத்திரம் கழுவ வேண்டும்.

கடைசி எபிசோடை நான்கு பேராகப் பார்த்தோம். அந்துவான் வீட்டுச் சோபாவில் நடுவில் அம்மா. பாதியிலேயே, “இதோட முடிக்க மாட்டான். தொப்பிய மறுபடி காட்டுவான் பாரு” என்றாள். காட்டினார்கள்.

இன்றும் வீட்டில் யாருக்காவது காய்ச்சல், பஸ் தாமதம், போன் எடுக்கவில்லை என்றால் அம்மா உடனே, “கதிரு, நோட்ட எடு. செத்துட்டான்னு கையெழுத்துப் போட்டுடு” என்பாள். எங்கள் தெருவே சொல்கிறது. பெண் பார்க்கப் போன வீட்டில்கூடச் சொல்லிவிட்டாள்.

பொங்கலுக்கு நாற்பது பேர் வருவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தேன். கதை பரவிவிட்டதால், கேப்டனுக்காகச் சத்தியம் கேட்டவனைப் பார்க்க நூற்றுப் பத்துப் பேர் வந்தார்கள். அரிசி, வெல்லம், நெய், முந்திரி, இரண்டாம் தடவை அரிசி, வாழையிலை, பூசாரி தட்சணை, வீணாக எரிந்துபோன அந்த முதல் கற்பூரம் எல்லாம் சேர்த்து, ஆறாயிரத்து நானூற்றுப் பத்து ரூபாய்.