செகெட் சூப்பில் சேமியா இல்லை

விருந்தோம்பலில் உலகம் எட்டாத உயரத்தை எங்கள் செகெட் நகரம் எட்டிவிட்டது. விருந்தாளிக்கு என்ன வேண்டும் என்று நாங்கள் கேட்பதே கிடையாது. எங்களுக்கே தெரியும்.

இந்த உன்னதக் கொள்கை உருவானது என் அண்ணன் வில்மோஷின் கல்யாணத்தன்று.

"பொண்ணுக்குப் பாயான்னு ஒரு ஊராமே? அங்க மீன் சூப்புல சேமியா போடுவாங்களாமே அண்ணா?"

"தெரியும்டா."

"தெரிஞ்சுமா?"

"நம்ம வீட்டுக்கு வந்தா திருந்திடுவா. நல்ல குடும்பத்துப் பொண்ணு."

அண்ணி பிரோஷ்கா திருந்திவிட்டார். அதாவது, எதுவும் கேட்கவில்லை. திஸா நதிக்கரையில் அண்ணனின் உணவகத்துக் கல்லாவில் உட்கார்ந்து, எங்கள் சூப்பையே சிரித்த முகத்தோடு சாப்பிட்டு வந்தார். பொடிமீனை வெங்காயத்தோடு வேகவைத்துச் சல்லடையில் மசித்த, பாப்ரிகா மிளகாய்த்தூளால் சிவந்த, தூய சூப். கோழி சூப்பில் சேமியா அமிர்தம். மீன் சூப்பில் தேசத்துரோகம். கோழி சூப்புக்கு வேகும் சேமியாவைத் தாண்டும்போது மட்டும் அண்ணியின் நடை சற்றுத் தாமதப்படும். முழங்கால் வலி என்று குடும்பம் முடிவு செய்தது.

தூய்மையைக் காக்க "மீன் சூப் காப்புக் குழு" ஒன்றும் வைத்திருந்தோம். அண்ணன் தலைவர், நான் செயலாளர், மீன்கடை கெலெமென் பொருளாளர். கூட்டத்துக்கு முன்பும் பின்பும் நடுவிலும் பழச்சாராயம் அருந்துவது மரபு.

சென்ற கோடையில் டென்மார்க்கிலிருந்து இங்கெர் என்ற பெண் எங்கள் உணவகத்துக்கு வந்தாள். ஊர் ஊராகச் சாப்பிட்டு அதைப் பற்றி எழுதுவது அவள் தொழில். எங்கள் மொழியையும் பாதி மென்று வைத்திருந்தாள்.

"குலாஷ்னா கெட்டிக் கறிக்குழம்புன்னு நெனச்சேன். இங்க வந்து பாத்தா சூப்பு!" என்றாள். மன்னித்தோம். முதலில் குடிக்க வேண்டிய குளிர்ந்த செர்ரி சூப்பைச் சாப்பாடு முடிந்த பிறகு இனிப்பாகக் கேட்டாள். அதையும் மன்னித்தோம். மறுநாள் மதியமும் வந்தாள்.

"நேத்து ராத்திரி பாயா போயிருந்தேன். மீன் சூப்புல சேமியா, அடடா! இங்கயும் கொஞ்சம் போட்டுத் தருவீங்களா?"

மீன் கொப்பரையில் கரண்டி விடுவது எங்கள் ஊரில் கொலைக்கு அடுத்த குற்றம். மீன் உடைந்துவிடும், கொப்பரையைத்தான் பிடித்து அசைக்க வேண்டும். அதிர்ச்சியில் அண்ணன் கரண்டியை உள்ளே விட்டுக் கிண்டியே விட்டான்.

அடுப்படியிலேயே அவசரக் கூட்டம் கூடியது.

"பாவம், வெளியூர்க்காரி. தெரியாம கேட்டுட்டா" என்றார் கெலெமென்.

"இன்னிக்கு சேமியா கேப்பா. நாளைக்கு உருளைக்கிழங்கு கேப்பா. எங்க போய் நிக்கும்?" என்றான் அண்ணன்.

நான் தீர்மானத்தை உரக்க வாசித்தேன்: "விருந்தாளியின் நலன் கருதி, விருந்தாளியின் விருப்பம் ஏகமனதாக நிராகரிக்கப்படுகிறது."

இங்கெர் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கல்லாப் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, நீங்களும் இந்த ஊர்தானா?"

"இல்லம்மா. பாயா."

"அப்ப நீங்களே சொல்லுங்க. உங்களுக்கு எது பிடிக்கும்?"

உணவகத்தில் கரண்டிகள் அந்தரத்தில் நின்றன. பதில் சொல்லும் பொறுப்பைச் செயலாளர் என்ற முறையில் நானே ஏற்றேன்.

"அண்ணிக்கு நம்ம சூப்புதான் உயிர். எழுதிக்கோங்க."

"ஒருநாள்கூட அவ வேற கேட்டதில்ல" என்றான் அண்ணன், பெருமையாக.

அண்ணி எழுந்து வந்தார். அண்ணன் கையிலிருந்த கரண்டியை வாங்கி மேசைமேல் வைத்தார்.

"கேக்கலதான். நீங்க என்னிக்காவது கேப்பீங்க, சொல்லலாம்னு இருந்தேன். எனக்கு என்ன பிடிக்கும்னு கேக்க, டென்மார்க்லேர்ந்து ஒருத்தி வர வேண்டியதாப் போச்சு. சரி, இப்ப நானே கேக்கறேன். எனக்கு ஒரு கிண்ணம் மீன் சூப்பு குடுங்க. சேமியா போட்டு, உங்க கையால."