மச்சினி கல்யாணமும் மெதுவா முழிக்கிற சிந்தசைசரும்

அன்னிக்கு எனக்குக் குடுத்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். மச்சினி ஷீலா கல்யாணத்துக்கு ஒரு கீபோர்டு வாடகைக்கு எடுத்துட்டு வரணும்.

சர்ச்சுல இருந்த பழைய ஆர்கன் அந்த ஈஸ்டரோட படுத்துடுச்சு. "மூத்த மாப்ள நல்லா வாசிப்பாரு, அவரே பாத்து எடுத்துடட்டும்"னு என் மாமியார் எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க. அவ்வளவு நம்பிக்கை. பாவம் அவங்க.

அவங்க டென்ஷன் அவங்களுக்கு. ஷீலா பாத்த மாப்பிள்ளைய எல்லாம் மூக்கு சரியில்ல, பேச்சு சரியில்லன்னு தள்ளிவிட்டுட்டு, கடைசியா இந்த வின்சென்ட்டுக்குத்தான் தலையாட்டுனா. "ஆண்டவரே, இது மட்டும் ஒரு சிக்கலும் இல்லாம நடந்துடணும்"னு மாமியார் தெனமும் முட்டி போட்டு ஜெபம். அந்த ஜெபத்துல சிக்கல்னு அவங்க நெனச்சது மழைய, பிரியாணிய, மாப்பிள்ளையோட அத்தைய. என்னை நெனைக்கல.

என் பொண்டாட்டி ரோஸி மட்டும் நெனச்சா. வாசல்ல நின்னு தெளிவா சொன்னா. "ஏங்க, சாதாரணமா ஒண்ணு எடுங்க. தட்டுனா சத்தம் வரணும். அவ்ளோதான்."

"எனக்குத் தெரியாதா?"ன்னேன்.

இந்த ஒரு வார்த்தைய என் வாயிலருந்து புடுங்கிட்டா நான் எவ்வளவோ நல்லா இருப்பேன்.

அது ரெண்டாயிரத்து ஒண்ணு, ரெண்டு சமயம். ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரன் ஒரு வெளிநாட்டு சிடி காப்பி பண்ணிக் குடுத்திருந்தான். அதுல பாட்டும் கிடையாது, தாளமும் கிடையாது. ஒரே ஒரு சத்தம் மெதுவா ஆரம்பிச்சு, நிறம் மாறி, இன்னொண்ணா ஆயி, அப்படியே போயிக்கிட்டே இருக்கும். இதுக்கு 'டெக்ஸ்சர்'னு பேராம். அன்னியிலருந்து நானும் பேச்சுக்குப் பேச்சு டெக்ஸ்சர். ரோஸி வெச்ச சாம்பார்ல கூட டெக்ஸ்சர் பத்தலன்னு சொல்லி வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

போன இடம் பெங்களூர் பிரேசர் டவுன்ல ஒரு பாய் கடை. மூணு பொட்டி காட்டுனாரு.

மொதல் பொட்டி பளபளன்னு இருந்துச்சு. ஒரு பட்டன அமுக்குனா தபலா, டிரம்ஸ், பேஸ் எல்லாம் அதுவே வாசிக்குது. நாம சும்மா ஒக்காந்திருந்தா போதும்.

"சாப், சர்ச்சுக்கு எல்லாரும் இதான் எடுத்துட்டுப் போறாங்க"ன்னாரு பாய்.

எல்லாருமா? அப்ப எனக்கு வேணாம்.

ரெண்டாவதுல பியானோ சத்தம். சுத்தமா, அழகா, தொட்ட ஒடனே வந்துச்சு. குறை சொல்ல ஒண்ணுமே இல்ல. அதனாலேயே புடிக்கல.

மூணாவது மேல் அலமாரியில தூசியோட கெடந்துச்சு. ஒடம்பெல்லாம் திருகு. சொந்தமா ஸ்பீக்கர் கூட இல்ல.

"அது இன்னா பாய்?"

"அரே, அது சிந்தசைசர், ஸ்டுடியோ சாமான் சாப். எல்லாருக்கும் ஒத்து வராது."

போச்சா! அந்த வார்த்தை போதாதா எனக்கு? எறக்கச் சொன்னேன்.

ஹெட்போன் மாட்டிக்கிட்டு மூணு விரல வெச்சு அமுக்குனேன். ஒண்ணும் வரல. அமுக்கிக்கிட்டே இருந்தேன். எங்கியோ காத்து வீசுது. அப்புறம் தண்ணிக்கடியில மணி அடிக்குது. அதுக்கப்புறம், அடேயப்பா, தூரத்துல ஒரு பொம்பளை 'ஆஆ'ன்னு ஏங்கிக் கூப்பிடற மாதிரி ஒரு குரல் கெளம்பி, நெருங்கி வருது. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. கண்ணத் தொறந்தா பாய் குடுத்த டீ ஆறிப்போயிருக்கு.

"உங்கள மாதிரி ஞானம் உள்ளவங்க தொட்டாத்தான் சாப் இதுக்கே மரியாதை"ன்னாரு.

அந்தப் பொட்டி கடைய விட்டு வெளியவே போனதில்லன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. மனுஷன் அன்னிக்கு என்னையப் பாத்து எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாரு!

"ஒரு பாட்டு வாசிச்சுப் பாக்கலியா?"

"தேவையில்ல பாய்."

ஆபீஸ்ல நான் பண்றது, எதையும் சோதிச்சுப் பாத்துட்டு வெளிய விடற டெஸ்டிங் வேலைங்கறத இங்க வெக்கத்தோட சொல்லிக்கறேன்.

கல்யாண நாள். ஜோகுபாளையம் பக்கத்துல எங்க சர்ச்சு. கேஜிஎஃப்லருந்து சொந்தக்காரங்க மொத்தமும் காலை ட்ரெயின்ல வந்து எறங்கி, ஆளுக்கு ஒரு விசிறியோட ஒக்காந்திருக்காங்க. என் பொட்டிக்கு ஸ்பீக்கர் இல்லாததால சர்ச்சு மைக்செட்லயே சொருகியாச்சு. ஒரு ஸ்பீக்கர் முன்னாடி, சன்னமாத்தான் கேக்கும். இன்னொண்ணு பின்னாடி, வாசக்கதவுக்கு மேல.

வாசல்ல மாமனார் கையப் புடிச்சுக்கிட்டு ஷீலா. பாட ஆரம்பிக்கணும். பாட்டுக்குழு லீடர் ஜெபமணி ஆன்ட்டி என்னையப் பாத்துத் தலைய ஆட்டுனாங்க. கம்பீரமா அமுக்குனேன்.

சத்தம் வரல.

"இன்னாப்பா, சுருதி குடு!"ன்னு ஆன்ட்டி பல்லக் கடிச்சாங்க.

"வரும் ஆன்ட்டி, மெதுவாத்தான் வரும்."

"பொண்ணு வருதுப்பா!"

பொண்ணு வந்தே வந்துட்டா. பாதி தூரம் தாண்டினப்புறம்தான் ஸ்பீக்கர்ல 'உஸ்ஸ்ஸ்'னு காத்து கெளம்புச்சு. எங்க பெரியம்மா ஒருத்தங்க "ஐய்யய்யோ மழை வருது, ஜன்னல சாத்துங்கடி"ன்னாங்க. ரெண்டு பேரு எழுந்து போயி சாத்தவும் செஞ்சாங்க. மே மாசம். உள்ள வெந்து போச்சு.

ஜெபமணி ஆன்ட்டி பொறுமை போயி தானே ஒரு சுருதியில பாட ஆரம்பிச்சாங்க. நான் அடுத்த கட்டைக்குப் போனா, போன கட்டையோட சத்தம் இன்னும் ஓயல. ரெண்டும் சேந்து ஒரு ஓலம். பாட்டு முடிஞ்சு எல்லாரும் ஒக்காந்தப்புறமும் என் பொட்டி மட்டும் தனியா மணி அடிச்சுக்கிட்டிருந்துச்சு. முன் பெஞ்சுலருந்து ரோஸி ஒரு பார்வை பாத்தா பாருங்க! அதுக்கு நான் பூமிக்குள்ள போயிருக்கலாம்.

புத்தியுள்ளவனா இருந்தா அங்கியே ஸ்விட்ச்ச அணைச்சிருக்கணும்.

நான் இன்னா பண்ணேன்? மானத்த மீட்டே ஆகணும்னு முடிவு பண்ணேன். பாஸ்டர் கல்யாணத்தப் பத்தின ஆரம்ப வாசகத்தப் படிக்கத் தொடங்குனாரு. இதுக்கடியில மெல்லிசா அந்தக் குரல விட்டா, பொண்ணும் மாப்பிள்ளையும் உறுதிமொழி சொல்றப்ப கரெக்ட்டா மேல வந்து நிக்கும். சனம் கண் கலங்கிடும்னு ஒரு கணக்கு. கட்டைய அமுக்கி, கைய எடுத்தாலும் சத்தம் நிக்காம இருக்கற பட்டனையும் தட்டிவிட்டு, கையக் கட்டிக்கிட்டு ஒக்காந்தேன்.

கணக்குல ஒண்ண விட்டுட்டேன். உறுதிமொழிக்கு முன்னாடி ஒரு கேள்வி இருக்குல்ல?

"இந்தத் திருமணம் நடக்கக் கூடாதுன்னு யாருக்காவது நியாயமான காரணம் தெரிஞ்சா, இப்பவே சொல்லலாம்"னு பாஸ்டர் கேட்டுட்டு, வழக்கம்போல கொஞ்சம் நிறுத்துனாரு.

வீசிக்கிட்டிருந்த விசிறி கூட நின்னுச்சு.

"ஆஆஆஆ..."

வாசல் பக்கத்துலருந்து ஒரு பொம்பளைக் குரல்! அழுதுக்கிட்டே நெருங்கி வர்ற மாதிரி!

மொத்த சபையும் சரக்குன்னு திரும்பி வாசலப் பாத்துச்சு. மாமியார் நெஞ்சுல கை வெச்சுட்டாங்க. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. பட்டன் எது, திருகு எதுன்னே தெரியல. கடைசியில குனிஞ்சு வயரையே புடுங்கிட்டேன்.

சத்தம் டக்குன்னு நின்னுச்சு. அந்த நேரம் பாத்து, உறுதிமொழிக்காக மாப்பிள்ளை வாய்க்கிட்ட வெச்சிருந்த மைக்குல, வெளுத்துப்போன மூஞ்சியோட வின்சென்ட் வாசலப் பாத்துச் சொன்னது ஊருக்கே கேட்டுச்சு.

"ஸ்டெல்லா?"

என் வாழ்க்கையில நான் சரியான டைமிங்ல பண்ணது அந்த வயரப் புடுங்குனது ஒண்ணுதான்.

ஷீலா மொகத்துல இருந்த வலைத்துணிய அவளே தூக்கிவிட்டா. "யாரு ஸ்டெல்லா?"

"அது கீபோர்டும்மா"ன்னாரு பாஸ்டர், பாவம்.

"ஐயா, நீங்க இருங்க. யாரு ஸ்டெல்லா?"

"முன்ன வேலை செஞ்ச எடத்துல... அதெல்லாம் முடிஞ்சு போச்சு ஷீலா."

"முடிஞ்சு போச்சுன்னா வாசல எதுக்குப் பாத்த?"

மாப்பிள்ளையோட அத்தை எழுந்து, "இதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்மா, நல்ல நேரத்துல"ன்னு ஆரம்பிச்சாங்க. ஷீலா அவங்க பக்கம் திரும்பக் கூட இல்ல. மாப்பிள்ளை கையப் புடிச்சு பாஸ்டர் ரூமுக்குள்ள இழுத்துட்டுப் போயி கதவ சாத்திட்டா.

"நாம ஒரு பாட்டு பாடுவோம்"னாரு பாஸ்டர். என்னையப் பாத்து, "கீபோர்டு இல்லாம"ன்னாரு.

பாடுனாங்க. எல்லா சரணமும் பாடி முடிச்சு, கதவு தொறக்கல, திரும்பவும் மொதல்லருந்து பாடுனாங்க. மாமியார் பாடல, அழுதாங்க. எனக்கும் அழுகை வந்துச்சு. ஒரு பொண்ணோட கல்யாணத்தப் போயி என் சிடி பைத்தியத்துக்குப் பலி குடுத்துட்டேனேன்னு, புடுங்குன வயரையே கையில சுத்திக்கிட்டு ஒக்காந்திருந்தேன்.

கதவு தொறந்துச்சு. வின்சென்ட் கண்ணு செவந்திருந்துச்சு. ஷீலா மூஞ்சி தெளிவா இருந்துச்சு.

"எல்லாத்தையும் சொல்லிட்டாரு. நடத்துங்க ஐயா"ன்னா.

நடந்துச்சு. இன்னா சொன்னாருன்னு இன்னி வரைக்கும் யாருக்கும் தெரியாது. நல்லாத்தான் இருக்காங்க, ரெண்டு புள்ளைங்க.

பிரியாணி பந்தியில மாமியார் பக்கத்துல வந்து நின்னாங்க. வாங்கப்போறேன்னு தலையக் குனிஞ்சேன். என் எலையில ஒரு துண்டு கறிய சேத்து வெச்சுட்டு, "எதுவா இருந்தாலும் தாலிக்கு முன்னாடியே வெளிய வந்துச்சே மாப்ள"ன்னாங்க.

அதுக்கப்புறம் எங்க சபையில எந்தக் கல்யாணம்னாலும் பொண்ணு வீட்டுக்காரங்க பாய் கடைக்குப் போயி அந்தப் பொட்டியத்தான் கேட்டு வாங்கிட்டு வர்றாங்க. மாப்ள வீட்டுக்காரங்கதான், பாட்டெல்லாம் வெறும் வாயிலயே பாடிக்கலாம்ங்கறாங்க.