தேர்ந்தெடுக்கப்பட்ட முதலாளி

"தண்ணி இறங்க மாட்டேங்குது தம்பி," என்றாள் துணி வெளுக்கும் அக்கா.

சலவைக்கடை முதலாளி இயந்திரத்தின் கண்ணாடிக் கதவில் மூக்கை ஒட்டிப் பார்த்தார். உள்ளே ஏழெட்டு வீட்டுத் துணிகள் நுரையில் மிதந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே சின்னச் சின்ன வெள்ளைச் சதுரங்களும் சுற்றி வந்தன. ஒன்று கண்ணாடியில் வந்து ஒட்டியது. அதில் 17 என்று எழுதியிருந்தது. அவருடைய கையெழுத்துதான்.

"ஸ்டிக்கர் கழண்டுடுச்சா?"

"கழண்டு போய்க் குழாயை அடைச்சிருக்கு."

"எத்தனை கழண்டிருக்கும்?"

"எத்தனை ஒட்டினீங்க?"

"முந்நூறு."

"அப்ப முந்நூறு," என்றாள் அக்கா. அவள் சுற்றி வளைத்துப் பேசிப் பழகாதவள்.

முதலாளி அருகிலிருந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். இன்று புதன்கிழமை. சனிக்கிழமை எதிர்த்தெரு விடுதியின் மேலாளர் வருகிறார். விடுதியின் துணிகளை இந்த வருடமும் இங்கேயே போடுவதா வேண்டாமா என்று அன்றுதான் சொல்வார். கடைக்கு வரும் துணியில் பாதி அந்த விடுதியுடையது. அது போனால் கடையும் போகும். ஏற்கெனவே ஒரு ரொட்டிக் கடையையும் ஒரு பொம்மைக் கடையையும் இழுத்து மூடியவர் அவர். மூன்றாவதையும் மூடினால், மச்சானின் கிடங்கு வாசலில் உட்கார்ந்து லாரி எண்களைக் குறித்துக்கொள்ளும் வேலை காத்திருக்கிறது. மச்சான் நாற்காலிகூட வாங்கிவிட்டார் என்று கேள்வி.

இத்தனைக்கும் பதினோரு வருடமாக இந்தக் கடையில் துணி மாறியதே இல்லை. ஒவ்வொரு துணியின் உள்மடிப்பிலும் அக்கா வண்ண நூலில் ஒரு சின்னத் தையல் போட்டுவிடுவாள். பல் டாக்டருக்கு இரண்டு சிவப்பு. பாட்டு வாத்தியாருக்குப் பச்சையும் ஊதாவும். விடுதியின் பெரிய கட்டில் விரிப்புக்கு நீலம், சின்னக் கட்டிலுக்கு மஞ்சள். எந்த நூல் யாருக்கு என்பது எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. எல்லாம் அக்காவின் தலைக்குள் இருந்தது.

அங்கேதான் முதலாளியின் மனநிலைப் பயிற்சியாளர் கை வைத்தார்.

"ஒரே ஒருத்தர் தலைக்குள்ள இருக்கிறதுக்குப் பேரு முறை இல்ல, ஆபத்து!" என்று போன வாரம் காலை வகுப்பில் மேசையைத் தட்டிச் சொன்னார். "நாளைக்கே அவங்க வரலைன்னா?"

முதலாளி அன்று பிற்பகலே கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, கடையில் இருந்த ஒவ்வொரு துணியிலும் ஒவ்வொரு தையலையும் வெட்டி எடுத்து, எண் எழுதிய ஸ்டிக்கரை ஒட்டினார். பழசு கண்ணில் பட்டால் மனசு பழசுக்கே ஓடும் என்பதும் வகுப்பில் சொன்னதுதான். அதனால் நூல் துணுக்குகளைத் தன் கையாலேயே பெருக்கி அள்ளிக் குப்பையில் கொட்டினார். அக்கா நூல்கண்டுகளை எடுத்து உள்ளே வைத்தாள்.

அந்த வகுப்பில் சேர்ந்ததே ஒரு கௌரவம். இரண்டு மாதத்துக்கு முன் அவர் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. ஆயிரம் சிறுதொழில் முதலாளிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட இருபது பேரில் நீங்களும் ஒருவர், உங்களுக்குக் கட்டணம் கிடையாது, தினமும் காலை ஏழு முதல் பதினொன்று வரை வகுப்பு என்று அச்சிட்டிருந்தது. வாழ்க்கையில் அவரை யாரும் எதற்கும் தேர்ந்தெடுத்ததில்லை. கடிதத்தைச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டினார். வகுப்பில் மற்றவர்கள் கட்டணத்தைப் பற்றிப் புலம்பும்போது இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். தான் தேர்வானவன் என்பது அவர்கள் கண்ணைக் குத்தக் கூடாதல்லவா?

வகுப்பின் பலனும் கைமேல் தெரிந்தது. முதல் மாதம் கடை என்றும் இல்லாத அமைதியில் ஓடியது. அவர் பதினொன்றரைக்கு வந்து சேரும்போது பாதி வேலை முடிந்து துணிகள் அடுக்கியிருக்கும். மனசு மாறினால் கடை மாறும் என்று பயிற்சியாளர் சொன்னதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? வீட்டிலும் நல்ல ஆதரவு. தினமும் காலையில் மனைவியே சட்டையை எடுத்துக் கையில் கொடுத்து, "என்னங்க, வகுப்புக்கு நேரமாச்சு" என்று வாசல்வரை வந்து அனுப்பிவைப்பாள். கல்யாணமாகி இருபத்தைந்து வருடத்தில் அவர் முன்னேற்றத்தில் அவளுக்கு இவ்வளவு அக்கறை வந்தது இப்போதுதான்.

இரண்டாவது மாதம் வீட்டுப்பாடம் கொடுக்க ஆரம்பித்தார்கள். பிடித்தது சனி.

அன்று பிற்பகல் முழுவதும் குழாயைக் கழற்றி ஸ்டிக்கர்களைச் சுரண்டி எடுத்தார்கள். மலைபோல் குவிந்த துணியைப் பார்த்து அக்கா, "நூல் இல்லாட்டியும் முக்கால்வாசி எனக்கு அடையாளம் தெரியும் தம்பி. பிரிச்சுத் தர்றேன்," என்றாள்.

"வேண்டாம்க்கா. மறுபடியும் உங்க தலையை நம்பினா நான் கத்துக்கிட்டதுக்கு என்ன அர்த்தம்?"

மறுநாள் வகுப்பில், வாடிக்கையாளரைப் பங்காளி ஆக்குங்கள் என்றார்கள். முதலாளி உடனே எல்லாருக்கும் போன் போட்டார். துணிகளை நான்கு மேசைகளில் பரப்பிவைத்து, வந்தவர்களிடம், "உங்களுடையதை நீங்களே பார்த்து எடுத்துக்கோங்க," என்றார்.

அரை மணி நேரம் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அப்புறம் ஒரே வெள்ளைச் சட்டையின் இரண்டு கையையும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். பல் டாக்டரின் கோட்டை முடிதிருத்தக் கடைக்காரர் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஓர் அம்மா ஆறு மேசைவிரிப்பை அள்ளிப் பையில் திணித்தாள். அவள் கொடுத்திருந்தது ஒரு தலையணை உறை. உலர்த்தும் இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு மனிதர் பேண்ட்டை இடுப்பில் இழுத்துவிட்டபடி வெளியே வந்தார்.

"இது என்னுது இல்ல," என்றார் நேர்மையாக. "ஆனா நல்லாருக்கு."

போட்டுக்கொண்டே போய்விட்டார். கடைசியில் மேசையில் மிஞ்சியவை, கிழிந்த துணிகளும் நல்ல துணிகளைப் பறிகொடுத்தவர்களின் கைகளும்தான்.

"நான் ஒண்ணு சொல்லவா?" என்றாள் கடைக்குத் துணைக்கு வந்திருந்த மனைவி.

"சொல்லாதே. நீ சொல்லப்போறது எனக்கே தெரியும்."

வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் அழியாத மைப் பேனா ஒரு டஜன் வாங்கி வந்தார். மற்றவர்கள் போகட்டும், விடுதியையாவது காப்பாற்றியாக வேண்டும். அன்று பிற்பகல் மேசையில் எடுத்துப் போட்ட விடுதி விரிப்புகளில் ஒவ்வொன்றின் மூலையிலும் ஓர் எண் எழுதினார். பெரிய கட்டிலுக்கு ஒன்றிலிருந்து ஐம்பது. சின்னக் கட்டிலுக்கு அதற்கு மேல். எழுதி முடித்து மடித்து, தேய்க்க அனுப்பினார்.

இஸ்திரிக்காரர் விரிப்பையும் பார்த்தார், பேனாவையும் பார்த்தார். அவர் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். காலை எட்டு மணிக்கே அதில் பாதியைச் செலவழித்துவிடுவார்.

"முதலாளி, சூடு பட்டா இந்த மை..."

"படாது, ஆகாது, முடியாது! இந்த மூணு வார்த்தையும் இனிமே கடைக்குள்ள வரக் கூடாது," என்றார் முதலாளி. இஸ்திரிக்காரர் பெட்டியைக் கையில் எடுத்தார். பெட்டி சூடாகத்தான் இருந்தது. முப்பது விரிப்பு அன்று மாலையே விடுதிக்குப் போனது.

சனிக்கிழமை காலை மனைவி வழக்கம்போலச் சட்டையை நீட்டினாள்.

"என்னங்க, வகுப்புக்கு நேரமாச்சு."

"இன்னைக்குப் போகல. மேனேஜர் வர்ற நாள். நான் கடையில இருக்கணும்."

அவள் முகம் விழுந்துவிட்டது. கடைக்கு வந்தால் அக்கா ஈரக்கையோடு ஓடிவந்தாள். "நீங்க போயிட்டு வாங்க தம்பி. மேனேஜரை நாங்க பாத்துக்கறோம். ஒரு நாள் போகலைன்னா படிச்சதெல்லாம் வீணாயிடும்!"

முதலாளிக்குக் கண் கலங்கியது. தன் வளர்ச்சியில் இவர்களுக்குத்தான் எவ்வளவு ஆசை! அந்த ஆசைக்காகவாவது இன்று ஜெயித்துக் காட்ட வேண்டும் என்று கல்லாவில் போய் உட்கார்ந்தார்.

மேலாளர் ஒன்பது மணிக்கு வந்தார். வணக்கம்கூடச் சொல்லாமல் ஒரு விரிப்பை உதறி மேசையில் விரித்தார். மடிப்பு மடிப்பாக மை ஊறி, மூலையில் ஒன்று, விளிம்பில் நான்கு, நட்டநடுவில் மூன்று என்று எட்டு இடத்தில் நாற்பத்திரண்டு இருந்தது.

"நேத்து ராத்திரி எங்க விருந்தாளி ஒருத்தர் இதுல கவுந்து படுத்துத் தூங்கினாரு. காலையில எழுந்தா கன்னத்துல நாப்பத்திரெண்டு. இன்னைக்கு அவருக்குப் பொண்ணு பார்க்கப் போகணுமாம். அவரு வயசே நாப்பத்திரெண்டுதானாம். முப்பத்தஞ்சுன்னு சொல்லி வெச்சிருக்காரு."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அது அழுகையா என்று தெரியவில்லை.

தவறு நடந்தால் உடனே ஒப்புக்கொள், அடுத்த மூச்சிலேயே தீர்வைச் சொல் என்று வகுப்பில் படித்திருந்தார் முதலாளி. "தப்புதான் சார். திங்கட்கிழமையிலிருந்து புது முறை கொண்டுவர்றேன். ஒவ்வொரு விரிப்புலயும் ஒரு சின்னத் துளை போட்டு..."

மேலாளர் எழுந்துவிட்டார். வாசல்வரை போய்விட்டார்.

"சார், ஒரு நிமிஷம்," என்று அக்கா குறுக்கே வந்து நின்றாள். அவள் கையில் விரிப்புகளின் அடுக்கு ஒன்று இருந்தது. "மை படாம மிச்சம் இருந்ததெல்லாம் இது. நேத்துக் காலையிலேயே மறுபடி நூல் போட்டு ஒளிச்சு... எடுத்து வெச்சிட்டேன்."

மேலாளர் உள்மடிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீலம், நீலம், மஞ்சள், நீலம். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"ஒரு மாசம் பார்க்கறேன்," என்றார் கடைசியில். "ஒரு தப்பு நடந்தாலும் அதோட சரி. தையல் இந்த அம்மாதான் போடணும்." முதலாளியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் படியிறங்கிப் போனார்.

முதலாளி கவிழ்த்த வாளியில் போய் உட்கார்ந்தார். பிழைத்த சந்தோஷம் அவருக்கு வரவில்லை. வயது ஐம்பத்திரண்டு. ரொட்டி கருகியதற்கு அடுப்பைச் சொல்லியாயிற்று, பொம்மை விற்காததற்குத் தெருவைச் சொல்லியாயிற்று. இந்த முறை சொல்வதற்கு யாரும் இல்லை. மனிதர்கள் நன்றாகச் செய்துகொண்டிருந்த ஒரு வேலையைத் தானே கத்தரிக்கோலால் வெட்டிப் போட்டோம் என்பது அவருக்கே தெரிந்தது.

எழுந்து போய்ச் சுவரிலிருந்த கடிதத்தைக் கழற்றினார்.

"ஆயிரம் பேருல என்னைப் போய்த் தேர்ந்தெடுத்தாங்களே," என்றார். "எவனோ ஆள் மாத்தி எடுத்துட்டான். நான் லாயக்கில்லாதவன்."

"அப்படிச் சொல்லாதீங்க," என்றாள் மனைவி. அவள் கண் உண்மையாகவே நிறைந்திருந்தது. "நீங்க நல்லவருங்க."

அந்த ஒரு வார்த்தை அவரைத் தூக்கி நிறுத்திவிட்டது. கடிதத்தைக் கல்லாவின் மேல் கவிழ்த்துவைத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"முடிவு பண்ணிட்டேன். நம்ம கையில ஒரு மாசம்தான் இருக்கு. நான் அந்த நேரத்துல ஊரான் பேச்சைக் கேட்டுட்டு உக்காந்திருந்தா சரிப்படாது. திங்கட்கிழமையிலிருந்து வகுப்பு கிடையாது. காலையில ஆறு மணிக்கு வந்தா ராத்திரிதான் எழுந்திருப்பேன். நீங்க தைக்கிற ஒவ்வொரு தையலையும் பக்கத்துலயே உக்காந்து பார்க்கப் போறேன். இனிமே இந்தக் கடையை விட்டு ஒரு அடி நகர மாட்டேன்!"

அக்காவின் கையிலிருந்த நூல்கண்டு கீழே விழுந்து உருண்டு மேசைக்கு அடியில் போனது. எடுக்க அவள் குனியவில்லை. மனைவி அக்காவைப் பார்த்தாள். அக்கா இஸ்திரிக்காரரைப் பார்த்தாள்.

இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்திவைத்தார். ஒரு முறை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அவசரப்படாதீங்க முதலாளி. அந்த வகுப்புக்கு நாங்க மூணு பேரும் சேர்ந்து இன்னும் ஆறு மாசத்துக்குப் பணம் கட்டிட்டோம்."