பவுடர் தரை இறங்கினாரா?

கள்ளக்குறிச்சியில் செத்துப் பேயாகி, மறுவாரமே ரேஷன் கடை வரிசையில் நின்ற ஒரே மனிதர் எங்கள் பவுடர்தான்.

எங்கள் மோட்டார் சைக்கிள் சாகசக் குழுவில் ஆறு பேர். நெருப்பு வளையத்துக்குள் பாய்வது பவுடர்; வளையத்தைக் கொளுத்துவது நான். ஒருமுறை பத்திரிகையில் வந்த படத்தில் அவர் முகம் மட்டும் கரிக்கட்டை மாதிரி கறுப்பாக விழுந்துவிட்டது. அன்று ஆரம்பித்தது பவுடர் பூச்சு; பேரும் அதுவே ஆனது. வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட், வெள்ளை ஹெல்மெட், சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி முகம். டீ குடிக்கப் போனாலும் அதே கோலம்.

"கேமராக்காரன் எப்ப வருவான்னு யாருக்குடா தெரியும்?" என்பார்.

வந்தேவிட்டார்கள். மலைமேல் இருக்கும் கரியாலூரில் வைத்து டிவிக்காரர்கள் எங்களைப் படம் பிடித்தார்கள். அது ஒளிபரப்பாக ஒரு மாதம் ஆனது. அதற்குள் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் தொடங்கி, மறியலுக்கு வெட்டிய புளியமரங்கள் சாலைக்குக் குறுக்கே விழுந்துகிடந்தன. பஸ் இல்லை, லாரி இல்லை. பகலிலேயே ஊர் ஓசையற்றுக் கிடந்தது. அடுத்த நிகழ்ச்சிக்கு இடம் பார்க்க மலைக்குப் போன பவுடர் அங்கேயே மாட்டிக்கொண்டார்.

ஒளிபரப்பான அன்று மாலை, டிவி இருந்த வீட்டில் மொத்தத் தெருவும் கூடியிருந்தது. முன்னால் பவுடரின் மனைவி செல்வியக்கா. திரையில் பவுடர் வண்டியை முறுக்கினார். சாய்வுப் பலகை மேல் ஏறினார். பறந்தார். நெருப்பு வளையத்துக்குள் பாதி உடம்பு நுழைந்தது.

கரெண்ட் போய்விட்டது.

இருட்டுக்குள்ளிருந்து "ஆளு எறங்கலியே" என்றது ஒரு குரல்.

"போன மாசம் எடுத்த படம்க்கா. அன்னிக்கே வூட்டுக்கு வந்து கறிக்கொழம்பு துன்னாரே!" என்றேன் செல்வியக்காவிடம்.

"அது எனக்கும் தெரியும். இப்ப எங்க கீறாரு? அதச் சொல்லு."

இரண்டு நாளில், பவுடர் செத்துப் பேயாகிவிட்டார் என்று தெரு கிசுகிசுத்தது. ஏரிக்கரையில் அவர் வண்டிச் சத்தம் கேட்டதாக ஒருவர் சத்தியம் செய்தார். எதிர்வீட்டுக்காரர் வாசலில் வேப்பிலை செருகினார். செல்வியக்கா சோறு இறங்காமல் கிடந்தார்.

மூன்றாம் நாள் காலை சைக்கிளில் கச்சிராயபாளையம் சாலையில் அவரைத் தேடிப் போனேன். ஒரே பனி. காக்காய்கூடக் கத்தவில்லை. வெட்டிப்போட்ட மரங்களுக்கு நடுவே ஒரு மோட்டார் சைக்கிள் சத்தமே இல்லாமல் என்னை நோக்கி வந்தது. அதன் பக்கத்தில் ஒரு வெள்ளை ஹெல்மெட் மிதந்து வந்தது. உள்ளே வெள்ளை முகம்.

இறங்கினேன்; சைக்கிள் கைநழுவி விழுந்தது.

"இன்னாடா பாத்துக்கினே நிக்கிற? பெட்ரோல் தீந்துபோச்சு. வந்து புடி!"

தொட்டேன். "கை ஜில்லுனு இருக்குதேண்ணே!"

"பனிடா, கேனப்பயலே."

சிறிது தூரம் தள்ளினோம். திடீரென்று நின்றார்.

"மலைலயும் டிவி பாத்தேன்டா. அங்கயும் அதே எடத்துலதான் கரெண்ட் போச்சு. அப்பலேர்ந்து யோசிச்சிக்கினே வரேன். வளையத்துல நொழஞ்சது ஞாபகம் கீது. எறங்குனது ஞாபகமே இல்ல. நீ பக்கத்துல தான இருந்த? நான் எறங்குனேனா?"

நெருப்பைப் பார்த்து ஒருநாளும் பயப்படாத மனிதர் ஒரு கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"எறங்குனீங்கண்ணே. ரெண்டு சக்கரமும் ஒண்ணாத் தரைல பட்டுது. என் கண்ணால பாத்தேன்."

தெருவுக்குள் நுழைந்ததும் எல்லோரும் அவர் கால் தரையில் படுகிறதா என்று குனிந்து பார்த்தார்கள். செல்வியக்கா மட்டும் நேரே வந்து, முந்தானையால் அந்த முகத்தைத் தேய்தேய் என்று தேய்த்தார். தோல் தெரிந்த பிறகுதான் அழுதார். அதன் பிறகு திட்டினார்.

அதற்கப்புறம் ஒவ்வொரு பாய்ச்சல் முடிந்ததும் பவுடர் என்னிடம்தான் வருவார். "எறங்குனேன்ல?" "எறங்குனீங்கண்ணே."

கரியாலூரில் அன்று புகை கண்ணில் அடித்து, அவர் இறங்கிய நொடியில் நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். அவரிடம் இதைச் சொன்னதில்லை. எப்போது கேட்டாலும், பார்த்தேன் என்றுதான் சொல்வேன்.